செய்தித்தாள் இணையதளத்தை எங்கிருந்து வடிவமைக்கத் தொடங்குவது?

அச்சுச் செய்தித்தாளைக் கையில் எடுப்பவருக்கு, ஒரு வரியைப் படிப்பதற்கு முன்பே பல விவரங்கள் தெரிந்துவிடுகின்றன. எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்பு ஓடினால் அது பெரிய சங்கதி. உள்பக்கத்தின் மூலையில் ஒற்றைப் பத்தியில் இருந்தால் பார்வையை ஓட்டிவிட்டுப் போகலாம். தலையங்கப் பக்கத்தில் இருப்பது கருத்து. கட்டம் கட்டி வேறு எழுத்தில் அச்சானது விளம்பரம். பக்கத்தின் நெற்றியில் உள்ள தேதி, இவையெல்லாம் எந்த நாளைச் சேர்ந்தவை என்பதைச் சொல்லிவிடும். இணையத்திலோ ஒரு செய்தி இவை அனைத்தையும் உதறிவிட்டுத் தனியாக வந்து சேர்கிறது. யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டோ தேடுபொறியின் வழியாகவோ உள்ளே நுழைந்த வாசகருக்கு, தாம் படிப்பது எந்தப் பத்திரிகை, எந்த நாள், செய்தியா கருத்தா என்பதே தெரியாமல் போகலாம்.

என் கணிப்பில், செய்தித்தாள் இணையதளத்தை வடிவமைப்பது என்பது தாள் சொல்லாமல் சொல்லிவந்த இந்த ஆசிரியர் தீர்ப்புகளைத் திரையில் மீண்டும் கண்ணுக்குத் தெரியச் செய்யும் வேலை. வண்ணமும் எழுத்துருவும் அசைவுகளும் அந்த வேலைக்கான கருவிகள். இனி வரும் வழிமுறைகளை, புதிதாகத் தளம் தொடங்குபவரும் பழைய தளத்தைத் திருத்தி அமைப்பவரும் இந்த நோக்கத்தை மனத்தில் கொண்டே பார்க்க வேண்டும்.

முதலில் செய்திப் பக்கம்

மறுவடிவமைப்பு என்ற பேச்சு எழுந்தவுடன் எல்லோரும் முகப்புப் பக்கத்தைப் பற்றியே பேசத் தொடங்குவார்கள். ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் தம் பிரிவுக்கு அங்கே ஓர் இடம் கேட்பார். அந்தப் பேச்சை ஒத்திவைத்துவிட்டு, தனிச் செய்திப் பக்கத்தை முதலில் வரையுங்கள். அதையும் கைபேசித் திரையின் அளவான 360 பிக்சல் அகலத்திலேயே வரைந்து, பிறகு அகன்ற திரைக்கு விரியுங்கள். ஒரே பக்கம் எல்லாத் திரைகளுக்கும் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் முறையை ஈத்தன் மார்காட் 2010ஆம் ஆண்டில் பெயரிட்டு விளக்கினார். அடுத்த ஆண்டே பாஸ்டன் குளோப் நாளிதழ் அந்த முறையில் தன் தளத்தை அமைத்தது. இன்று அது பொதுவழக்கு. ஆயினும் பெரிய திரையில் வரைந்து சிறிய திரைக்குக் குறுக்கும் பழக்கம் பல இடங்களில் இன்னும் போகவில்லை.

மாதிரிக்கு எடுக்கும் செய்தி மோசமானதாக இருக்கட்டும். வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் நான்கு சொற்களில் அடங்கும் தலைப்பையும் கண்ணைப் பறிக்கும் ஒரு படத்தையும் வைத்தே மாதிரியைக் காட்டுவார்கள். அது ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வந்த முதல் வாரத்திலேயே, படமே இல்லாத, பதினான்கு சொல் தலைப்புக் கொண்ட, இருவர் சேர்ந்து எழுதிய, இரண்டு முறை திருத்தப்பட்ட ஒரு செய்தி வந்து எல்லாவற்றையும் குலைத்துவிடும். அந்தச் செய்தியை முதல் நாளே வைத்து வரைந்து பாருங்கள். அது சரியாக அமைந்தால் மற்றவை தாமே அமைந்துவிடும்.

பக்கம் திறந்தவுடன், விரலால் நகர்த்துவதற்கு முன்பே தெரிய வேண்டியவை ஐந்து: பத்திரிகையின் பெயர், எழுத்தின் வகை (செய்தியா கருத்தா என்பது), தலைப்பு, எழுதியவர், நேரம். படத்தின் ஒரு பகுதியும் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் குற்றமில்லை. பகிர்வதற்கான பொத்தான்கள் தலைப்புக்கு மேலே வரிசை கட்டி நிற்கும் தளங்களைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் படிக்காத ஒன்றை எதற்காகப் பகிரச் சொல்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு எழுவதுண்டு. அவற்றைச் செய்தியின் முடிவில் வைக்கலாம்.

எழுத்தின் வகையைச் சொல்வதற்குச் செய்தி, கருத்து, பகுப்பாய்வு, நேர்காணல், விளம்பரக் கட்டுரை என்று சில பெயர்களை மட்டும் வகுத்துக்கொண்டு, அவற்றைத் தலைப்புக்கு மேலேயே எழுத வேண்டும். பிரிட்டனின் தி கார்டியன் 2018ஆம் ஆண்டு மறுவடிவமைப்பில் செய்திக்குச் சிவப்பு, கருத்துக்கு ஆரஞ்சு, விளையாட்டுக்கு நீலம் என்று பிரிவுகளுக்கு நிறங்களை ஒதுக்கியது. நிறம் கைகொடுக்கும், ஆனால் நிறத்தைப் பிரித்தறிய இயலாதவர்களும் இருக்கிறார்கள் என்பதால் சொல்லும் உடன் இருக்க வேண்டும். காசு வாங்கி வெளியிடும் கட்டுரைக்கு "கூட்டு முயற்சி" என்பது போன்ற மழுப்பல் பெயர்களைச் சூட்டாமல், விளம்பரம் என்றே எழுதுங்கள். அந்த அடையாளம், இணைப்பைப் பகிரும்போது தோன்றும் முன்னோட்டத்திலும் கூடவே போக வேண்டும். ஏனெனில் பலர் அந்த முன்னோட்டத்தை மட்டுமே பார்ப்பார்கள்.

நேரம் என்னும் பெரிய சிக்கல்

நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். நேற்றைய தாள் நேற்றையதாகவே இருந்தது. இணையத்தில் நேற்றைய பக்கம் இன்றைய உடையில் நிற்கிறது. ஐந்தாண்டுகளுக்கு முன் வந்த வெள்ளச் செய்தி ஒரு மழை நாளில் திடீரென்று பரவி மக்களைக் கலவரப்படுத்துவது, தேதியை எட்டாவது வரியில் சாம்பல் நிறத்தில் ஒளித்து வைத்த வடிவமைப்பின் வேலை.

வெளியிட்ட நாளையும் நேரத்தையும் முழுமையாக எழுதுங்கள். "3 மணி நேரத்துக்கு முன்பு" என்று காட்டுவது பார்க்க இலகுவாக இருந்தாலும், பக்கத்தை யாரேனும் திரைப்பிடிப்பாக எடுத்து அனுப்பிவிட்டால் அந்தச் சொற்களுக்குப் பொருளே இல்லாமல் போகும். பல நாடுகளில் வாசகர்கள் உள்ள பத்திரிகை என்றால் எந்த நாட்டு நேரம் என்பதையும் குறிக்க வேண்டும். புதுப்பித்த நேரத்தைத் தனியே காட்டலாம். ஆனால் ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தியதற்காக அந்த நேரம் மாறக்கூடாது. பழைய செய்தியைப் புதியதாகக் காட்டுவதற்காகவே தேதியை மாற்றும் வழக்கத்தை வடிவமைப்பு எந்த வகையிலும் அனுமதிக்கக் கூடாது.

ஓர் ஆண்டைக் கடந்த செய்திகளின் மேலே, அதன் வயதைச் சொல்லும் பட்டை ஒன்று தானாகவே தோன்றட்டும். தி கார்டியன் 2019ஆம் ஆண்டில் இத்தகைய மஞ்சள் அடையாளத்தை எடுப்பாகக் காட்டத் தொடங்கியது. அத்துடன் சமூக ஊடகங்களில் தோன்றும் முன்னோட்டப் படத்திலும் வெளியான ஆண்டைப் பொறித்தது. செலவு குறைவான, பயன் மிகுந்த ஏற்பாடு இது. பழைய படத்தைப் புதிய செய்தியோடு வெளியிடும்போது "கோப்புப் படம்" என்று எழுதுவதோடு நிற்காமல், எடுத்த ஆண்டையும் சேர்த்தால் வாசகர் ஏமாற மாட்டார்.

பிழை திருத்தத்துக்கும் இடம் ஒதுக்கி வரைய வேண்டும். எது தவறாக வந்தது, எது சரி, எப்போது திருத்தப்பட்டது என்ற மூன்றையும் சொல்லும் குறிப்பு செய்தியின் அடியில் இருக்கலாம். செய்தியின் மையமே மாறிவிட்டது என்றால் மேலேதான் இருக்க வேண்டும். ஓசைப்படாமல் திருத்திவிட்டுப் போவது எளிதுதான். ஆனால் முதல் வடிவத்தைப் படம் பிடித்து வைத்த ஒருவர் எங்கேனும் இருப்பார்.

நேரலைப் பதிவுகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். புதியது மேலே வரும் முறையில், நடுவில் வந்து சேரும் வாசகருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆகவே இதுவரை நடந்தவற்றை நான்கைந்து வரிகளில் சொல்லும் சுருக்கம் உச்சியில் நிலையாக இருக்க வேண்டும். நிகழ்வு முடிந்ததும் "இந்தப் பதிவு முடிந்தது" என்று அறிவித்து, முழுமையான செய்திக்கு இணைப்புத் தர வேண்டும்.

தலைப்பும் எழுத்தும்

இடம் போதாதபோது தலைப்பை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் வழக்கம் ஆங்கிலத் தளங்களிலிருந்து அப்படியே வந்தது. தமிழுக்கு அது பேராபத்து. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. மறுப்பும் அங்கேதான் வருகிறது. "பதவி விலகப்போவதாக வந்த தகவலில் உண்மை..." என்று வெட்டினால், "இல்லை" என்ற சொல் போய்விடும், செய்தியும் தலைகீழாகிவிடும். எனவே தமிழ்த் தளத்தில் தலைப்பு எத்தனை வரி நீண்டாலும் முழுதாகக் காட்டுவதே முறை. இடம் குறைவான இடங்களுக்கென உதவி ஆசிரியர் தனியே ஒரு குறுந்தலைப்பை எழுதித்தர வசதி செய்யலாம், எந்திரம் வெட்டக்கூடாது.

ஆங்கில மாதிரியை வைத்து அமைத்த அளவுகளும் இப்படியே பொருந்தாமல் போகும். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளும். குறுகிய திரையில் பெரிய எழுத்தில் "நாடாளுமன்றத்தேர்தலையொட்டி" போன்ற ஒரே சொல் வரியை நிரப்பி, அடுத்த வரியில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். மேலே சுழியும் கீழே விலங்கும் உள்ள எழுத்துகள் என்பதால் வரிகளுக்கு இடையில் எழுத்தளவின் 1.6 மடங்கு வரை உயரம் தேவைப்படும். செய்தியின் உள்ளே வரும் எழுத்து 16 பிக்சலுக்குக் குறையாமல், 18 பிக்சலை ஒட்டி இருப்பது நல்லது. எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடைவெளி கூட்டுவதும், நேரெழுத்தை எந்திரத்தால் சாய்த்து அழுத்தம் காட்டுவதும் தமிழில் அழகாக அமைவதில்லை. அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்தே போதும். கூகுளின் நோட்டோ குடும்பத்தைச் சேர்ந்த தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்பதால், நல்ல ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துரு இல்லை என்ற சாக்கு இனி செல்லாது.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிறவேறுபாட்டுக்கு வலையின் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அளவு சொல்லியிருக்கிறது: சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வெளிர்சாம்பல் நிறத் தேதிகளும் படக்குறிப்புகளும் பெரும்பாலும் இந்தத் தேர்வில் தோற்றுவிடும். அதே அமைப்பு 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பின்படி, விரலால் தொடும் இடங்கள் பொதுவாக 24 பிக்சல் அகல உயரத்துக்குக் குறையக் கூடாது. இரு விரலால் பெரிதாக்கிப் படிப்பதைத் தடுக்கும் ஒற்றை வரி நிரல் இன்னும் பல தளங்களில் இருக்கிறது; வயதான வாசகர்களை நம்பி நடக்கும் ஒரு தொழில் ஏன் அதை விட்டுவைத்திருக்கிறது என்று புரியவில்லை. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோருக்காகப் படங்களுக்கு, அவற்றை விவரிக்கும் மாற்று உரையும், தலைப்புகளுக்கு முறையான படிநிலையும் தர வேண்டும். அட்டவணையையும் வரைபடத்தையும் வெறும் படமாகப் போடும்போது அவற்றிலுள்ள எண்களை எழுத்திலும் கொடுக்க வேண்டும்.

முகப்புப் பக்கம்

இப்போது முகப்புக்கு வரலாம். அதற்குரிய சோதனை எளிது: எல்லாச் சொற்களையும் அழித்துவிட்டுக் கட்டங்களை மட்டும் பாருங்கள். இன்றைக்கு எது முதன்மையான செய்தி என்பது அப்போதும் தெரிய வேண்டும். எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவில் வரிசையாக இருந்தால், ஆசிரியர் குழு எந்த முடிவும் எடுக்கவில்லை என்றே பொருள். ஒரே ஓர் அமைப்பு எல்லா நாளுக்கும் ஒத்துவராது. வழக்கமான நாளுக்கு ஒன்று, ஒரே நிகழ்வு மற்ற அனைத்தையும் விழுங்கிவிடும் நாளுக்கு ஒன்று, சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காத நாளுக்கு ஒன்று என மூன்றேனும் தயாராக இருக்க வேண்டும். மந்தமான நாளில் ஒரு சிறு செய்தி மலையளவு எழுத்தில் நிற்பது, பெரிய நாளில் அந்த எழுத்துக்கு இருக்க வேண்டிய மதிப்பைக் குறைத்துவிடும். "முக்கியச் செய்தி" என்று சிவப்பில் ஒளிரும் பட்டைக்கும் இது பொருந்தும்.

தானாக நகரும் படவரிசையைத் தவிர்த்துவிடுங்கள். வாசகர் படித்து முடிப்பதற்குள் அது ஓடிவிடும். முடிவே இல்லாமல் நீளும் பக்கத்தையும் நான் பரிந்துரைப்பதில்லை. தாளுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று ஒரு பத்திரிகை சொல்ல முடிவது வாசகருக்குச் செய்யும் உபகாரம்.

வேகமும் விளம்பரமும்

இவ்விரண்டையும் தனித்தனியே பேசுவதில் பொருளில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது, அமெரிக்காவின் யுஎஸ்ஏ டுடே நாளிதழ் ஐரோப்பிய வாசகர்களுக்கு, அவர்களின் நடமாட்டத்தைப் பின்தொடரும் நிரல்களும் விளம்பரங்களும் இல்லாத ஒரு பதிப்பைக் காட்டியது. வழக்கமாக ஐந்து மெகாபைட்டைத் தாண்டிய முகப்பு, அந்தப் பதிப்பில் சுமார் அரை மெகாபைட்டாகச் சுருங்கியது. செய்தி எவ்வளவு, சுமை எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

விளம்பரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. சம்பளம் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் உரிய உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே இறங்கும். தொட நினைத்தது ஒன்று, தொட்டது வேறொன்று என்றாகிவிடும். படங்களுக்கு அகல உயரத்தைக் குறிப்பிடாமல் விட்டாலும் இதே கதைதான். கூகுள் வகுத்துள்ள கோர் வெப் வைட்டல்ஸ் என்ற அளவுகோலின்படி, பக்கத்தில் உள்ள மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ 2.5 வினாடிக்குள் தோன்ற வேண்டும். தொட்டால் 200 மில்லிவினாடிக்குள் மாற்றம் தெரிய வேண்டும். வரிகள் இப்படி இடம் மாறிக் குதிப்பதற்கான மதிப்பெண் 0.1ஐத் தாண்டக் கூடாது. வருகைகளில் நான்கில் மூன்று பங்கேனும் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்பது கணக்கு. அலுவலகத்தின் வேகமான இணைப்பில் அளக்காமல், பழைய கைபேசியில் வலுவற்ற இணைப்பில் அளந்து பாருங்கள்.

பேரிடர் நாளுக்கென எழுத்து மட்டுமே உள்ள ஒரு பதிப்பைத் தயாராக வைத்திருப்பது நல்லது. 2017ஆம் ஆண்டு இர்மா சூறாவளியின்போது சிஎன்என் தன் எழுத்துப் பதிப்பை மக்களுக்குத் தெரியப்படுத்தியது. அமெரிக்காவின் தேசியப் பொது வானொலியும் அத்தகைய பதிப்பை நடத்துகிறது. மின்சாரம் போய், கைபேசியில் சிறிதளவு மின்னூட்டமும் ஒற்றைக் கோடு சமிக்ஞையும் மட்டும் இருக்கும் வாசகருக்குத் தேவைப்படுவது அதுவே.

திரையை மறைக்கும் பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பக்கம் திறந்தவுடன் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்பது, மின்மடலில் சேரச் சொல்வது, ஒலியோடு காணொளி ஓடுவது ஆகியவற்றில் ஒன்றுகூட முதல் வருகையில் வரக் கூடாது. கைபேசியில் உள்ளடக்கத்தை மறைக்கும் பெட்டிகளுள்ள பக்கங்களின் தரவரிசையை 2017 ஜனவரி முதல் கூகுள் குறைத்து மதிப்பிடத் தொடங்கியதையும் நினைவில் கொள்க. சந்தா கேட்கும் தளம் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்று பத்தி படிக்கவிட்டுக் கதவைச் சாத்துவது கசப்பையே மிச்சம் வைக்கும். நியூயார்க் டைம்ஸ் 2011ஆம் ஆண்டில் மாதத்துக்கு 20 கட்டுரைகளை இலவசமாக அனுமதித்து, அடுத்த ஆண்டு அதைப் பத்தாகக் குறைத்தது. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், இன்னும் எத்தனை மிச்சம் என்பது வாசகர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

பழையவை அழியாதிருக்க

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்லீ, நல்ல இணைய முகவரிகள் மாறுவதில்லை என்று 1998ஆம் ஆண்டிலேயே எழுதினார். செய்தித்தாளுக்கு அது இன்னும் பொருந்தும், ஏனெனில் நீதிமன்ற ஆவணங்களும் ஆய்வேடுகளும் அந்த முகவரிகளைச் சுட்டுகின்றன. முகவரியில் நாளும் நிலையான ஓர் எண்ணும் இருக்கட்டும். பிரிவின் பெயரைச் சேர்த்தால், பிரிவு கலைக்கப்படும் நாளில் சிக்கல் வரும். தளத்தை மாற்றும்போது பழைய முகவரி ஒவ்வொன்றும் அதே செய்தியின் புதிய முகவரிக்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது, நூலகத்தில் புத்தகம் கேட்டவரை வாசலில் கொண்டுவிடுவதற்குச் சமம்.

தேடல் பெட்டியை வைப்பதோடு கடமை முடிவதில்லை. நாள் வரிசையில் அடுக்கவும், காலத்தைக் குறுக்கவும், எழுதியவர் பெயரால் பிரிக்கவும் வசதி வேண்டும். ஒரே பெயரைத் தமிழில் மூன்று விதமாக எழுதுகிறோம்; கிரந்த எழுத்தோடு தேடினாலும் அது இல்லாமல் தேடினாலும் அதே செய்தி கிடைக்கும்படி மாற்று வடிவங்களின் பட்டியல் ஒன்றைப் பின்னணியில் பராமரிக்க வேண்டும்.

சோதனையும் பதிப்பு மேசையும்

வெளியிடுவதற்கு முன் ஐந்து வாசகர்களை ஒவ்வொருவராக அழைத்து, அவரவர் கைபேசியிலேயே சில வேலைகளைச் செய்யச் சொல்லுங்கள்: ஒரு கட்டுரையைக் காட்டி, இது செய்தியா கருத்தா, எப்போது எழுதப்பட்டது, எழுதியவர் யார் என்று கேளுங்கள், கடந்த வாரம் வந்த ஒரு செய்தியைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், ஒரு பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால் யாருக்கு எழுதுவார் என்று பாருங்கள். பிடித்திருக்கிறதா என்ற கேள்வி வேண்டாம். நாகரிகம் கருதிப் பிடித்திருக்கிறது என்றே சொல்வார்கள். பக்கப் பார்வைகளின் எண்ணிக்கையையும் பெரிதாக நம்ப வேண்டியதில்லை. ஒரு செய்தியைப் பத்துத் துண்டாக்கினால் பார்வை பத்து மடங்காகும், வாசகர் ஒருவரே.

கடைசியாக, வாசகர் பார்க்காத ஒரு திரை இருக்கிறது. உதவி ஆசிரியர் செய்தியைப் பதிவேற்றும் படிவத்தில் எழுத்தின் வகையைத் தேர்ந்தெடுக்காமல் வெளியிட முடியாதபடியும், திருத்தக் குறிப்புக்கும் குறுந்தலைப்புக்கும் படம் எடுத்த ஆண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும்படியும் அமைக்க வேண்டும். அவை அங்கே இல்லையென்றால், மேலே சொன்னவற்றில் பாதி இரண்டே மாதத்தில் வழக்கொழிந்துவிடும். இரவு 11 மணிக்குப் பணியில் தனியாக இருக்கும் ஒருவரை உட்காரவைத்து, பெரிய நாளுக்கான முகப்பை, நிரலாளர் யாரையும் தொலைபேசியில் அழைக்காமல் மாற்றிக்காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் அவரால் முடிந்தால் தளத்தை வெளியிடலாம்.